திரும்பச் சொல்கிறேன்

பூசானில், மீன் துறைமுகத்துக்குப் பின்னால்,
இரண்டாம் மாடியில் என் தொலைபேசி.
அழைப்பவர் சொன்னதைத் திரும்பச் சொல்வது வேலை.
பெயர், பங்கு, எத்தனை, என்ன விலை.
"ஆமாம்" என்ற ஒரு சொல் பதிவில் விழுந்தபின்தான்
விசையைத் தட்டலாம்.
இருபத்தோரு வருடமாக
என் வாயில் பிறர் ஆசை.

ஒன்பது மணிக்கு முதல் குரல் மேங் ஓக்-புன்.
விடிவதற்குள் நானூறு பெட்டி கானாங்கெளுத்தி
ஏலம்போன தளத்தில் நின்றபடி
பனிக்கட்டி உடைபடும் சத்தத்துக்கு மேலே கத்துவாள்:
"என்ன விலையோ அந்த விலைக்கு. இப்பவே."
சந்தை விலை ஆர்டர், என்பேன்.
"பேர் என்னவோ வச்சுக்கோ கும்-சில்,
மீன் காத்திருக்காது."

ஒருமுறை, ஆளே இல்லாத பங்கு ஒன்றை
அப்படிக் கேட்டாள்.
திரையில் படிபடியாக ஏறி
தூங்கும் விற்பவர்களை ஒவ்வொருவராய்த் தட்டியெழுப்பி
கடைசி நூறை
முதல் நூறைவிடப் பதினோரு விழுக்காடு கூடுதலாய்
வாங்கிக்கொண்டு வந்தது ஆர்டர்.
அவள் என்னை வையவில்லை.
"காலி ஏலத்தில் நான் மட்டும் கத்தியிருக்கேன்" என்றாள்,
அடுத்த பெட்டிக்கு ஐஸ் போடச் சொன்னாள்
யாரிடமோ.

மா தூ-சில் முப்பது வருடம் கப்பல் பற்றவைத்தவர்.
அந்தத் தளத்தின் பங்குதான் வேண்டும்,
நூறு, எட்டாயிரம் வோனுக்கு,
ஒரு வோன் கூடக் கூடாது.
கூட்டிக் கொடுத்தால்
தளம் தன்னை ஏமாற்றியது மூன்றாம் முறை ஆகிவிடும் என்பார்.
முதல் இரண்டைச் சொன்னதில்லை.

லிமிட் ஆர்டருக்கு ஒருநாள் ஆயுள்.
மாலை மூன்றரைக்கு அவருடையதும் செத்துப்போகும்.
மறுநாள் காலை அதே குரல், அதே எட்டாயிரம்.
மார்ச்சில் விலை எட்டாயிரத்துப் பத்துவரை வந்தது.
இன்னும் ஒரே படி.
வாசல்வரை வந்து
உள்ளே கிடந்த செருப்புகளை எண்ணிவிட்டுத்
திரும்பிப்போகும் விருந்தாளி மாதிரி போய்விட்டது.
நானே அழைத்தேன், விதியில் இல்லாத வேலை:
பத்து வோன் கூட்டட்டுமா?
"எட்டாயிரம்" என்றார்.

எனக்கும் ஒன்று இருந்தது, மறைப்பானேன்.
நாற்பத்தெட்டாயிரத்துக்கு வாங்கிய பங்கு.
நாற்பத்திரண்டில் ஸ்டாப் லாஸ் போட்டு,
வாசலில் நாயைக் கட்டியவள்போல் தூங்கினேன்.
அதற்குக் கீழே எதுவும் வராது என்று.
இரவில் கடலுக்கு அப்பால் ஏதோ செய்தி.
காலையில் சந்தை திறந்ததே
முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறில்.
நாய் குரைத்தது. சரியாகத்தான் குரைத்தது.
குரைத்துவிட்டு ஓடிப்போய்
என்ன விலையோ அந்த விலைக்கு, இப்பவே,
ஓக்-புன் குரலில்
விற்றுவிட்டு வந்து படுத்துக்கொண்டது.

ஜூனில் ஒரு செவ்வாய்.
மா தூ-சில் அழைக்கவில்லை.
பத்து நாற்பதுக்கு ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது.
மூன்று நிமிடம் அங்கேயே நின்றது.
நூறு, எட்டாயிரம்: எனக்கு மனப்பாடம்.
விசைமேல் விரல்.
குரல் இல்லாமல் தட்டக்கூடாது.
நாலாம் நிமிடத்தில் ஏறிப்போனது.

மூன்று முப்பத்தொன்றுக்கு மணி.
"கண்ணில் மருந்து ஊற்றிவிட்டார்கள்,
எண்ணைத் தேடி அழுத்த முடியவில்லை.
இன்றைக்கு எவ்வளவு தூரம் வந்தது?"

சொன்னேன்.

பிறகு, வேலை வேலைதானே, தொடர்ந்தேன்:
திரும்பச் சொல்கிறேன். மா தூ-சில்,
கப்பல் தளம், நூறு பங்கு, எட்டாயிரம்,
நாளை ஒருநாள் மட்டும்.
சரிதானே?

பதிவில் இருக்கிறது,
அவருடைய "ஆமாம்"க்கு முன்னால்
பதினான்கு நொடி.
அதைத் திரும்பச் சொல்ல
எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.