பிரிவு பதின்மூன்று

இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களைக்
கறுப்பாக்கிய கைக்கு,
வணக்கம்.

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது.
கடிதத்தின் அடியில் கோப்பு இலக்கம் மட்டும்தான்.
ஐந்து டாலர் காசோலையையும்
பதினாறு மாதங்களையும் வாங்கிக்கொண்டு
நீங்கள் அனுப்பிய கட்டு
ஸ்காபரோவில், ஏழாம் மாடியில்,
என் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது.
ஹீட்டர் காற்றில் பறக்காதிருக்க
மேலே உப்புப் போத்தல்.

ஒவ்வொரு கறுப்புக் கட்டத்தின் ஓரத்திலும்
சின்ன எழுத்தில் ஒரு காரணம்.
பிரிவு 13. பிரிவு 13. பிரிவு 21.
அமைச்சருக்குச் சொன்ன ஆலோசனையாம்.
அந்தரங்கமாம்.
பிரிவு என்ற சொல்லுக்கு
என் வீட்டில் பொருள் வேறு, ஐயா.
அல்லது அம்மா.
கையை மட்டும்தானே அறிவேன்.

மனைவி பெயர் சுகிர்தமலர்.
ஃபின்ச் வீதி முதியோர் இல்லம்,
இரண்டாம் மாடி, இரவு வேலை.
படுக்கைப்புண் வராமல் ஆட்களைப் புரட்டிவிடுவது,
பல்செட்டைக் கழுவி வைப்பது,
நடுச்சாமத்தில் எழும்பி பஸ்ஸுக்கு நேரமாச்சு என்பவரை
இன்றைக்கு ஞாயிறு, பஸ் இல்லை என்று படுக்க வைப்பது.
அந்த ஏப்ரலில்
அவளுடைய மாடியில் இருபத்து மூன்று கட்டில்கள் காலியாகின.
இருபத்து நான்காவது
எங்கள் வீட்டில்.

பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு 'மேலும்'.
நாற்பதில் ஒரு 'எனவே'.
எண்பத்தெட்டில், யார் யாருக்கோ, 'நன்றி'.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைப் பற்றிக்
கேள்விப்பட்டிருக்கிறேன்.
நீங்கள் சோற்றையும் சேர்த்தே மறைத்துவிட்டீர்கள்.

அந்த நாட்களில் பகல் ஒரு மணிக்கு
டிவியில் வந்து கை கழுவச் சொன்னார்கள்.
இருபது விநாடி.
கழுவினோம், விரலிடுக்குகள் வெடிக்கும்வரை.
அவர்களும் கழுவினார்கள்தான்.

எனக்கு விசாரணைகள் புதிதல்ல.
பிறந்த நாட்டில்
அண்ணனின் பெயரை மூன்று ஆணைக்குழுக்களுக்கு
எழுதிக் கொடுத்தவன்.
அங்கே பதிலே வரவில்லை.
இங்கே வருகிறது, முத்திரையோடு,
தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று.
வித்தியாசம் இல்லையென்று சொல்லமாட்டேன்.
அந்த வித்தியாசத்தை நம்பித்தான் எழுதுகிறேன்.

என்னிடமும் ஒரு கோப்பு உண்டு.
திரை கீறல் விழுந்த அவளுடைய போன்.

மார்ச் 24, இரவு 11.40:
'இண்டைக்கும் ஒரு மாஸ்க்தான் தந்தவை.
கடதாசிப் பையில வச்சு நாளைக்கும் போடட்டாம்.'

மார்ச் 27, விடிய 3.10:
'அலுமாரி பூட்டிக் கிடக்கு.
உள்ளுக்கு ஒண்டும் இல்லையாம்.'

ஏப்ரல் 2:
'சும்மா தடிமன்தான். பயப்பிடாதீங்கோ.
மீன்கறி கிடக்கு, சூடாக்கிச் சாப்பிடுங்கோ.'

இதில் எதையும் நான் கறுப்பாக்கவில்லை.
மீன்கறியைக்கூட.

நூற்று நாற்பத்தேழாம் பக்கத்தில்
உங்கள் கை கொஞ்சம் கண்ணயர்ந்திருக்க வேண்டும்.
அல்லது மாலை ஐந்து மணியாகியிருக்கும்,
கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பீர்கள்.
அல்லது, நித்திரை வராதபோது நான் நினைப்பது இதுதான்,
தெரிந்தே விட்டீர்கள்.
கறுப்புக்கும் கறுப்புக்கும் நடுவில்
ஒரேயொரு வரி:

'மார்ச் 26. முகக்கவசம், கையிருப்பு நான்கு பெட்டி.
இரண்டாம் மாடி அலுமாரி. சாவி அலுவலகத்தில்.'

அந்த வரியையும் அவளுடைய வரியையும்
ஒரே தாளில் ஒட்டி
மேன்முறையீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.
கட்டணம் இருபத்தைந்து டாலர்.
இரவு டெலிவரியில் இரண்டு மணிநேரம் கூடுதலாக ஓடினேன்.

சாவி வைத்திருந்தவரின் பெயர் எனக்கு வேண்டாம்.
அவரும் யாரோ சொன்னதைச் செய்தவராக இருக்கலாம்.
பெயரைக் கறுப்பாக்கிக்கொள்ளுங்கள்.
சொன்னவர் எந்தக் கதிரையில் இருந்தார்,
ஏன் சொன்னார்,
அலுமாரியை எந்தத் திகதியில் திறந்தார்கள்.
இவ்வளவுதான்.

இன்னொன்று.
நேற்றுக் காலை பனி கொட்டி, வெளியே ஒரே வெளிச்சம்.
நூற்று நாற்பத்தெட்டாம் பக்கத்தைக்
கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன்.
ஒரு எழுத்தும் தெரியவில்லை.
நல்ல மை.
அதற்கு மட்டும்
தட்டுப்பாடு வந்திருக்கவில்லை.