இருநூறு கிராம்

உப்புப் பொட்டலத்தோடு வந்தார் கடைக்கார டோக்டோசுன்.
முத்திரை பிரியாத ஒரு கிலோ.
அவர் தராசுத் தட்டுக்கு அடியில்
கண்ணுக்குத் தெரியாத பூனை ஒன்று படுத்திருப்பதாக
ஊருக்குள் பேச்சு.
"உன் தராசில் போட்டுப் பாரம்மா.
திருடன் யாரென்று தெரியட்டும்."

குழந்தைகளைத் தொங்கவிடும் கொக்கியில்
உப்பை மாட்டினேன்.
முள் ஆடியது. நின்றது.
ஒரு கிலோ இருநூறு.

இரண்டு பொட்டலம்: இரண்டு இருநூறு.
ஒன்றும் இல்லாமல்: இருநூறு.

அவர் சிரிக்கவில்லை. அதுதான் சுட்டது.
குல்லாயைக் கையில் எடுத்துக்கொண்டு
"குளிர் இரும்பையும் கெடுக்கும்" என்றார்.
உப்பை மறந்துவிட்டுப் போனார்.

நாரின் ஆற்றுக்கு மேலே கடைசி ஊர்.
அடுப்பில் வறட்டி எரிந்தும்
அறைக்குள் மூச்சு புகையும்.
பிள்ளைகளை உரித்து நிறுக்க மனம் வராது.
ஆட்டுத்தோல் அங்கி எழுநூறு,
கம்பளிக் காலுறை எண்பது,
கழித்தல் பட்டியல் எனக்கு மனப்பாடம்.
இதை மட்டும் கழிக்கவில்லை.
வெறுந்தராசின் முள் எங்கே நிற்கிறதென்று
கடைசியாக எந்த நாள் பார்த்தேன்?

நாற்பத்தொரு அட்டைகளையும் மேசையில் பரப்பினேன்.
ஒவ்வொன்றிலும் என் புள்ளிகள்,
புள்ளிகளைச் சேர்த்த என் கோடு.
எந்தப் புள்ளியிலிருந்து பொய்?
செப்டம்பரா? முதல் பனி விழுந்த வாரமா?
அழிப்பானால் அழிக்கலாம்.
எதை?

அக்கிலாய், பத்து மாதம்.
அக்டோபரில் ஆறு நானூறு.
நவம்பரில் ஆறு அறுநூறு.
அன்று அவள் தாய் புருல்சுன் என் கையைப் பிடித்துக்கொண்டாள்,
நானும் பிடித்துக்கொண்டேன்.
நீளம் மட்டும் இரண்டு மாதமாக அறுபத்தேழில் நின்றது.
நீளப்பலகை மரம், அதற்கு நடிக்கத் தெரியாது.
அது சொன்னது.
நான் முள்ளை நம்பினேன்.

முழங்கால் பனியில் நடந்து போய்ச் சொன்னேன்.
பால் கறந்துகொண்டிருந்தவள் நிறுத்தவில்லை.
இரண்டு பீச்சு, மூன்று பீச்சு.
பிறகு வாளியைப் பார்த்தபடி:
"தேறிவிட்டாள் என்றீர்களே.
அவளுக்கென்று எடுத்துவைத்த பாலாடையை
அந்த வாரத்திலிருந்து விற்றுவிட்டேன்."

திட்டியிருக்கலாம்.
நூற்றைம்பது சோம் வந்தது என்று
கணக்குச் சொன்னாள்.

ஊரில் நேரான தராசு ஒன்றுதான் மிச்சம்.
டோக்டோசுன் உருளைக்கிழங்கைக் கொட்டிவிட்டு
மண் ஒட்டிய தட்டைத் தன் சட்டைக் கையால் துடைத்தார்,
இன்னொருமுறை துடைத்தார்,
கணப்பின் பக்கம் காட்டிச் சூடாக்கினார்.
புருல்சுன் மகளை உரித்தாள்:
அங்கி, கம்பளி, இன்னொரு கம்பளி.
ஒவ்வொரு உடுப்புக்கும் குழந்தை குறைந்துகொண்டே வந்தது.
விலா எலும்பை எண்ணாமல் இருக்க
நான் முள்ளைப் பார்த்தேன்.

மண்ணெண்ணெய்க்கு வந்தவர்களும் பார்த்தார்கள்.
ஒருவரும் பூனையைப் பற்றிப் பேசவில்லை.

தட்டில் உட்கார்ந்தவள் அழவில்லை.
அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்து
குவியலிலிருந்து ஒரு கிழங்கை எடுத்துக்கொண்டாள்.

ஆறு ஐந்நூற்று இருபது.

"கிழங்கைக் கழிக்க வேண்டும்" என்றேன்.
தாய் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள்.
கடைக்காரர் ஒரு மிட்டாயைக் காட்டிப் பார்த்தார்.
இவ்வளவு பலம்
எந்த அட்டையிலும் ஏறாத பலம்
அந்தக் கைக்கு எங்கிருந்து வந்ததோ,
விடமாட்டேன் என்கிறாள்.

பென்சிலோடு காத்திருக்கிறேன்.