மைனஸ் இருபத்து நான்கில் ஒத்திகை

போன வருடம் எழுந்து நின்றேன்.
"நான்" என்றேன்.
அதற்குமேல் ஒன்றுமில்லை.
உட்கார்ந்துவிட்டேன்.
"மர்யூன் பேசினார்" என்று
கூட்டக் குறிப்பில் எழுதிவைத்தான்
சங்கச் செயலாளர் ஹன்னிஸ்.
நல்லவன்.

ஃபரோ தீவில், கிளாக்ஸ்விக் துறைமுகத்தில்,
மீன் ஆலையின் குளிர்க்கிடங்கில்
பத்தொன்பது வருடமாய் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன்.
பின்னால் நகரும்போது வண்டி பீப் பீப் என்று கத்தும்.
எனக்கு அதுகூட வராது.

இந்த முறை விஷயம் பெரிது.
கை சூடேற்றிக்கொள்ளும் இடைவேளை.
இருபது நிமிடத்தைப் பன்னிரண்டாக வெட்டி
பதிலுக்குச் சனிக்கிழமைக் கூலியை
ஏற்றித் தருவார்களாம்.
யாராவது எதிர்த்துப் பேச வேண்டும்
என்று எல்லோரும் சொன்னார்கள்.
எல்லோரும் சொல்லி முடித்தபோது
மேசைமேல் என் பெயர் இருந்தது.
மூன்று நிமிடம்.

முதலில் போனில் பதிவு செய்து கேட்டேன்.
யாரோ ஒருத்தி, மூக்கடைத்தவள்,
"வந்து" என்கிறாள்.
"அதாவது வந்து" என்கிறாள்.
எண்ணினேன். முப்பத்தெட்டு.
இத்தனை வந்து வந்தும்
சொல்ல வந்தது வரவில்லை.

கண்ணாடி முன் நின்றேன்.
புருவத்தில் ஒரு நரை.
அன்றைய பயிற்சி அதோடு சரி.
கணவன் கேட்பதாகச் சொன்னான்;
இரண்டாவது வாக்கியத்திலேயே "நியாயம்தானே" என்றான்.
ஒப்புக்கொள்கிறவனிடம்
எதைப் பேசிப் பழகுவது?

அப்புறம்தான் கிடங்கு.
கதவை மூடினால் ஆளில்லை.
பெட்டி பெட்டியாய், கூரை மட்டும்,
உறைந்த காட் மீன்.
குறுக்கே பேசாத சபை.
வாயைத் திறந்தேன்,
பேச்சு வெளியே போவதைக் கண்ணால் பார்த்தேன்.

வெள்ளையாக.
முதல் சொல்லுக்குப் பெரிய மூட்டம்,
வாக்கியத்தின் வாலுக்கு ஒரு நூல்,
கடைசிச் சொல்லுக்கு
ஒன்றுமே இல்லை.
என் கடைசிச் சொற்களை இத்தனை காலம்
யாரும் ஏன் கேட்டதில்லை என்பது தெரிந்தது.
மூச்சில்லாமல் அனுப்பியிருக்கிறேன்,
கோட்டு மாட்டாமல்
பிள்ளையைப் பனிக்குள் அனுப்பியதுபோல.

வாக்கியங்களை வெட்டினேன்.
மூச்சுக்கு ஒன்று.
மூட்டம் கலையும்வரை அடுத்தது கிடையாது.
"மீன் உறையலாம்."
கலைந்தது.
"அதற்காகத்தான் இந்த ஆலை."
கலைந்தது.
"விரல் உறையக் கூடாது."
பதினோரு நாள்.
ஒருமுறை மேற்பார்வையாளன் கதவைத் திறந்தான்,
கேட்டான்,
சத்தமில்லாமல் மூடிவிட்டுப் போனான்.

கூட்டத்தன்று அரங்கில் ஹீட்டர்.
இதை நான் நினைக்கவே இல்லை.
வாயைத் திறந்தேன், எதுவும் தெரியவில்லை.
எங்கே நிறுத்துவது?
முழங்கால் தன் பங்குக்கு
வேறொரு உரை நிகழ்த்தியது.
முதல் வாக்கியம் போயிற்று.
இரண்டாவது அதன் குதிகாலை மிதித்தது.
நடுவில் ஒரு வந்து.
மூன்றாவதற்கு வந்தபோது
மூன்றாவது இல்லை.

கழுவிவிட்ட தரை மாதிரி இருந்தது தலைக்குள்.
என்னோடு சேர்த்து அறுபத்து நான்கு பேர்.
ஹன்னிஸின் பேனா காற்றில்.
ரேடியேட்டருக்குள் தண்ணீர் ஓடுவது கேட்டது.
வேறெங்கே பார்ப்பது,
என் கையைப் பார்த்தேன்.
இடது சுண்டுவிரல் நுனி.
நாலு வருடமாய் வெளுத்துக் கிடக்கிறது,
ஊசி குத்தினாலும் தெரியாது.
காகிதத்தில் நான் எழுதாத விஷயம்.

"இது" என்றேன்.
விரலை உயர்த்தினேன்.

காபிக் கோப்பைகள்
ஒவ்வொன்றாய் மேசைக்கு இறங்கின.

பிறகு என்ன பேசினேன் என்று நினைவில்லை.
குறிப்பில் ஒன்றேகால் பக்கம் இருக்கிறதாம்.

வாக்கெடுப்பு: முப்பத்தொன்று, முப்பத்து மூன்று.
தோற்றோம்.

வாசலில் பூட்ஸ் மாட்டும்போது
ஹெயினி பக்கத்தில் வந்து குனிந்தான்.
எங்களுக்கு எதிராகக் கை தூக்கியவன்.
"நடுவில் ஒரு நிறுத்து நிறுத்தினாயே,
அதை எங்கே கற்றுக்கொண்டாய்?"

மறந்துபோயிற்று என்று சொல்ல வாயெடுத்தேன்.
வெளியே குளிர்.
முகத்துக்கு முன்னால்
வெள்ளையாய் ஒரு மூட்டம் எழுந்தது.

அது கலையட்டும் என்று நின்றேன்.