கறையான் அறிக்கை

காலை ஏழு மணி. டெம்ப்சி குன்றில்
கடைகள் இன்னும் கண் திறக்கவில்லை.
என் வேலை தட்டிப் பார்ப்பது.
திருப்புளியின் பிடியால் தட்டினால்
நல்ல மரம் ணங்கென்னும்,
தின்னப்பட்ட மரம் பொத்தென்னும்.
வேறு பேச்சு எங்களுக்குள் கிடையாது.

இந்த அறை எனக்குத் தெரியும்.
எண்பத்து நான்கில், பதினெட்டு வயதில்,
உள்ளாடையோடு இங்கேதான் வரிசையில் நின்றேன்.
முன்னால் இங் கியாட் லிம், பின்னால் சுல்கிஃப்ளி.
"இருமு" என்றார் டாக்டர். இருமினேன்.
நாட்டுக்குப் போதுமான இருமல் என்று
ஒரு முத்திரை விழுந்தது.
இன்று அதே சன்னலோரம்
முட்டையும் ரொட்டியும் முப்பத்தெட்டு வெள்ளி.

எனக்கு முன் வெள்ளைக்காரப் பட்டாளம்,
அதற்கும் முன் ஜாதிக்காய்த் தோட்டம்.
சுவரைச் சுரண்டினால் வெள்ளை, அடியில் பச்சை,
அதனடியில் திரிந்த மோரின் நிறம்.
பிறகு வெறும் சுண்ணாம்பு,
உதிர்ந்து என் சட்டைப் பையில் விழுகிறது.

ஒயின் அடுக்குக்குப் பின்னால்
ஒட்டுப்பலகையைக் கழற்றினேன்.
பழைய கதவு நிலை.
என் நெஞ்சு உயரத்தில் பென்சில் எழுத்து,
தமிழ்.
சட்டை ௪௨. கால்சட்டை ௩௮.
விரிப்பு ௬௦. மேசைத்துணி ௯.
என்னைவிடக் குட்டையான ஆள்.
ஈரக் கையில் காகிதம் நிற்காதென்று
மரத்தைக் கணக்கேடாக்கியவன்.
கீழே இரட்டைக் கோடு.
"கப்பலேறி விட்டார்கள்."
அப்புறம் "பாக்கி".
தொகையையும் கையெழுத்தையும்
கறையான் தின்றிருந்தது.
பாக்கியைத் தொடவில்லை.

மேலாளர் ஷெர்மேன் எட்டிப் பார்த்தார்.
"உங்கள் மொழிதானே? என்னவாம்?"
"சலவைக் கணக்கு."
"அழகா இருக்கே! கண்ணாடி போட்டு
விளக்கு வைத்துவிடலாமா?"
தட்டிக் காட்டினேன்.
பொத்.

அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்:
கதவு நிலை ஒன்று, உள்ளே கூடு,
அகற்ற வேண்டும்.
எழுதும்போது எதிரே பார்க்கவில்லை.
படம் எடுக்கலாம் என்று தோன்றியபோது
கைப்பேசி வேனில் இருந்தது.
போய் எடுத்து வரவில்லை. ஏனென்று கேட்டால்
பதில் இல்லை.

கிளம்பும் முன் பில்லைப் பிரித்தேன்.
இன்றைய வேலை, மருந்து, வரி.
எல்லாவற்றுக்கும் கீழே இன்னொரு வரி:
சென்ற ஆண்டுப் பாக்கி,
நூற்று எண்பது வெள்ளி.
பேனாவால்தான்.
அடுத்த தாளிலும் பதியும்படி
அழுத்தி.