பதினோரு நிமிடப் பயணம்

விடுமுறைக்கும் அட்டவணை போட்டான் மைதம்.
மனாமாவின் சந்திப்புகளுக்கெல்லாம்
சிவப்பு எத்தனை, பச்சை எத்தனை என்று
விநாடிக் கணக்கில் அளந்து கொடுப்பவன்
எங்கள் ஏழு நாளை மட்டும்
சும்மா விட்டுவிடுவானா?

சனி, காலை ஏழு முதல் எட்டரை: கடலைப் பார்த்தல்.
எட்டரை முதல் ஒன்பது: உணவு, அவசரமில்லாமல்.
மாலை ஐந்து: எதுவும் செய்யாதிருத்தல், ஐம்பது நிமிடம்.
"அதென்ன ஐம்பது?"
"பத்து நிமிடம் உடை மாற்ற வேண்டாமா?"

வெளிநாடு என்றுதான் முதலில் பேச்சு.
சரயேவோ என்றான், பத்தூமி என்றேன்.
டிக்கெட் விலையைப் பார்த்தோம்,
அவன் அம்மாவின் கண் அறுவைத் தேதியைப் பார்த்தோம்,
பிறகு ஒருவரையொருவர்.
கடைசியில் வீட்டிலிருந்து பதினோரு நிமிடத்தில்,
வெள்ளிக்கிழமையானால் ஏழே நிமிடத்தில்,
ஒரு ஹோட்டல். பத்தொன்பதாம் மாடி.
உள்ளூர்க்காரருக்குத் தள்ளுபடி.

சொந்த ஊருக்குப் போக எதைக் கட்டி எடுப்பது?
நீச்சலுடை.
மஹ்யாவா ஒரு குப்பி, ஹோட்டல் ரொட்டியை நம்ப முடியாது.
மூன்று விமான நிலையம் கண்டும்
பதினாறாம் பக்கம் தாண்டாத ஒரு நாவல்.
சாவியை வாங்கிக்கொண்ட எதிர்வீட்டு மரிவிக்
"எந்த ஊர் மேடம்?" என்றாள்.
ஜன்னல் வழியே விரல் நீட்டினேன்.
"அதோ, அந்த நீலக் கண்ணாடி."
சிரிப்பதா வேண்டாமா என்று
அவள் முகம் கொஞ்ச நேரம் தவித்தது.

ஆகஸ்ட்.
பால்கனிக் கதவைத் திறந்தால்
மூக்குக்கண்ணாடி வெளுத்துவிடும்.
ஈரக்காற்று கன்னத்தைத் தொடாது, அப்பிக்கொள்ளும்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றே
கடலைப் பார்த்தோம், அட்டவணைப்படி,
ஒன்றரை மணி நேரம்.
நான் நடுவில் இருமுறை கொட்டாவி விட்டேன்.
அதற்குக் கட்டம் ஒதுக்கியிருக்கவில்லை.

திங்கள் பிற்பகல், 'ஓய்வு' என்ற கட்டத்துக்குள் இருந்தோம்.
கீழே சந்திப்பில் விளக்குகள் அணைந்தன.
நான்கு பக்கமும்.
மைதம் எழுந்தான். கைபேசியை எடுத்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கையிலிருந்த பேரீச்சங்கொட்டையை
எங்கே வைப்பது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

முதலில் ஹாரன். பத்தொன்பது மாடி ஏறி வந்த ஹாரன்.
பிறகு ரொட்டிக்கடை வேன் ஒன்றிலிருந்து
ஆரஞ்சுத் தொப்பிப் பையன் குதித்திறங்கி
நட்ட நடுவில் போய் நின்றான்.
ஒரு கையில் தண்ணீர்க் குப்பி.
மறு கையால்
நீ வா,
நீ பொறு,
ஏன் முறைக்கிறாய், நீயும் வா.
தண்ணீர் லாரிக்கு வழி கிடைத்தது.
லெக்ஸஸ் காத்திருந்தது.
மேளதாளம் ஏற்றிய பிக்கப்புக்கு
அவன் ஒரு சலாமும் சேர்த்துப் போட்டான்.

மைதம் வாய்விட்டே எண்ணினான்.
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு...
பையனின் கணக்கு வேறு.
ஒருவருக்கு ஆறு, ஒருவருக்கு அறுபது,
வியர்வை துடைக்க ஒரு ஒன்பது.
"தப்பு. எல்லாமே தப்பு" என்றான் மைதம்,
நெற்றி கண்ணாடியில் ஒட்டிக்கிடக்க.
"ஆனா ஓடுது பாரேன்."
கைபேசி மடியில் கிடந்தது.
எண்ணுவதை எந்த எண்ணில் விட்டானோ,
திரும்பிப் பார்த்தேன்,
காலணியோடு தூங்கிப்போயிருந்தான்.

அட்டவணையைப் புரட்டினேன்.
செவ்வாய்: படகு.
புதன்: மசாஜ், என் பெயருக்கு நேரே ஓர் ஆச்சரியக்குறி.
வியாழன்: பாலம் கடந்து சவூதிக் கார்கள் குவியுமுன் இரவு உணவு.
பறந்துவிடாதிருக்க
பேரீச்சங்கொட்டையை அதன்மேல் வைத்தேன்.
மூடிய அறை. பறக்க வழியே இல்லை.

இருட்டியதும்
எங்கள் கட்டிடத்தைத் தேடிப் பிடித்தேன்.
ஏழாம் மாடியில் சமையலறை விளக்கு எரிந்தது.
மரிவிக் மஷ்மூம் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள் போலும்.
இல்லை, நாங்கள்தான் அங்கே
இன்னும் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறோமோ என்னவோ.

கீழே விளக்குகள் உயிர்பெற்றன.
மஞ்சள் மட்டும், மினுக்கி மினுக்கி.
நான் அவனை எழுப்பவில்லை.