சுவரைப் பார்த்திருந்த முகம்

பனிக்கட்டி உடைந்து யெவ்சேயை விழுங்கிய ஏப்ரலில்
உன்னைத் திருப்பி வைத்தேன்.
முக்காலி போட்டு ஏறி
கொதிக்கிற பாலை இறக்குவதுபோல் இரு கையாலும் பிடித்து,
முகம் சுவருக்கு, முதுகு எனக்கு.
அழவில்லை. ஏசவில்லை.
கீழே இறங்கி மாவு பிசைந்தேன்.

பிறகு காத்திருந்தேன்.
யெனிசெய் ஆற்றின் மேல்கரையில்
எங்கள் பதினேழு வீட்டுக்கும் அந்தக் கணக்கு அத்துப்படி:
உன்னை விட்டவன் வீட்டில் மாடு சினை பிடிக்காது,
அடுப்பு புகையும், கிணறு கசக்கும்.

என் மாடு அந்த வருஷம் இரட்டைக் கன்று போட்டது.
உருளைக்கிழங்கு குழந்தைத் தலை பருமன்.
கிணறோ, எப்போதையும்விட இனித்தது.
நீ என்னை அடிக்கவே இல்லை.
அதுதான் அடி என்று விளங்க
எனக்கு நாலு வருஷம் பிடித்தது.

ஜெபவீட்டில் வாசிக்கிற சவ்வாத்தி வந்தார்.
மூலையைப் பார்த்தார், தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.
அடுத்த ஞாயிறு அவர் வீட்டில் எனக்குத் தேநீர்
தகரக் குவளையில் வந்தது.
வாசலோரம் ஆணியில் தொங்குவது அது,
நிலம் அளக்க வந்த அதிகாரி குடித்தது,
வெளியாளுக்கென்றே வைத்தது.
நான் குடித்தேன். சூடு உதட்டில் ஒட்டிக்கொண்டது.

உன் விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயில் மீன் பொரித்தேன்.
நன்றாகவே இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முன்பெல்லாம் உள்ளே நுழைகிறவர்
முதலில் உன் மூலையை வணங்குவார்,
பிறகுதான் என்னைப் பார்ப்பார்.
இப்போது நேரே என்னைப் பார்த்தார்கள்.
அத்தனை பார்வையையும் வாங்க
ஒரு முகம் போதவில்லை.

மகள் உஸ்தீன்யாவின் பிள்ளை
நீலம் பாரித்துப் பிறந்தது. மூச்சில்லை.
மருத்துவச்சி தலைகீழாய்த் தூக்கி அறைந்தாள்.
அழுதது.
நன்றி என்று தொண்டை வரை வந்த சொல்
போக இடமில்லாமல் நின்றது.
மருத்துவச்சிக்கு
பேசினதற்கு மேல் ஒரு டஜன் முட்டை கொடுத்தேன்.
அன்றிரவு முழுக்க அந்தச் சொல்
விழுங்கிய மீன்முள் போல் குத்திக்கொண்டிருந்தது.

உன் முதுகு எனக்கு மனப்பாடம்.
குறுக்கே அறைந்த இரண்டு சட்டம்,
காது போல ஒரு கணு,
எவனோ தச்சன் கணக்குப் போட்ட கரிக்கோடு,
வலது ஓரம் மூன்று செல்லரித்த துளை.

சவ்வாத்தி வாசிக்கிற நரகத்தில் நெருப்பாறு ஓடும்.
என் அடுப்பு அளவாகத்தான் எரிந்தது.
என்னை விடு என்று கேட்டேன்,
விட்டாய்.
அவ்வளவுதான் நடந்தது.
பதினோரு வருஷம் அதுவே நடந்தது.

இந்த ஜனவரியில்
காக்கை பறக்கும்போதே விறைத்து விழுந்த ஒரு விடியலில்
காரணமே இல்லாமல் முக்காலியை எடுத்தேன்.
முழங்கால் கேட்டது, எதற்கு என்று.

பலகை அசையவில்லை.
சுவர்க் கட்டையின் ஈரத்தில் உறைந்து ஒட்டியிருந்தாய்.
இழுத்தேன்.
மரப்பட்டை உரிகிற சத்தம்.

பாதி முகம் கையோடு வந்தது.
இடக்கண்ணும் கன்னமும்
பொன் வட்டத்தின் ஒரு கீற்றும்
லார்ச் மரச் சுவரிலேயே தங்கிவிட்டன.

'ஐயோ' என்றேன்.
பதினோரு வருஷத்தில்
உன்னிடம் நான் பேசிய முதல் சொல் அது.

திருப்பி வைக்க ஒரு முக்காலி போதும்.
திரும்பி வருவதற்கு எத்தனை வேண்டுமென்று
யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.
இரண்டு விரல் சேர்த்து நெற்றிக்குத் தூக்கினேன்,
கை பழக்கம் மறந்து காதருகே நின்றது.

பலகையை மேசைமேல் சாய்த்து வைத்திருக்கிறேன்.
விளக்கைத் துடைத்தேன், திரி போட்டேன்.
ஏற்றியும் விட்டேன்.
இனி எங்கே வைப்பது?
ஒரு கண் அங்கே, ஒரு கண் இங்கே.
நடுவில் நிற்கிறேன், கையிலேயே பிடித்துக்கொண்டு.
எண்ணெய் மணிக்கட்டில் வழிகிறது.
சுடுகிறது.
கீழே வைக்க மனமில்லை.