ஏசி சொட்டும் சந்து

வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே
மூன்றடிச் சந்து.
வெயில் எட்டிப் பார்க்காது;
நானும் பார்த்ததில்லை,
வால்பாறையிலிருந்து டிபன் டப்பாவில்
அந்தப் பாசித்துண்டு வரும்வரை.

முதல் வாரம் போர்த்தண்ணி ஊற்றினேன்.
திருப்பூர்த் தண்ணி.
ஓரமெல்லாம் கருகி உப்புப் பூத்தது.
பிறகுதான் கண்ணில் பட்டது
மாடிவீட்டு ஏசிக் குழாய்:
நொடிக்கொரு சொட்டு,
உப்பறியாத நீர்.
செங்கல்லோடு அதனடியில் நகர்த்தினேன்.

வேரில்லை, உரம் கேட்காது.
விழுகிற வேப்பஞ்சருகை மட்டும்
விரல்நுனியால் எடுக்க வேண்டும்,
செக்கிங் டேபிளில்
பனியனின் பிசிறு எடுப்பதுபோல்.

வீட்டுக்காரம்மா தெய்வாத்தாள்
பிளீச்சிங் பவுடரோடு வந்தார்.
"வழுக்கி உட்ரும் கண்ணு.
ஆடுகூட மேயாத பச்சை எதுக்கு?"
அவர் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தேன்.
கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.
"இப்பப் போட்ட கன்னுக்குட்டியாட்ட இருக்குது."
பவுடரை வாசப்படியில் தூவிவிட்டுப் போனார்.

சித்திரையில் மாடிவீட்டார் காலி செய்தார்கள்,
ஏசியைக் கழற்றிக்கொண்டு.
நாலே நாளில் பாசி
பழைய மிதியடி.

நேற்று ராத்திரி ஷிப்ட் முடிந்து
குடிக்கிற கேனிலிருந்து
ஒரு டம்ளர் சாய்த்தேன்.
செல்போன் வெளிச்சத்தில், பார்க்கப் பார்க்க,
ஒவ்வொரு நுனியாக நிமிர்ந்தது.

கேன் முப்பத்தைந்து ரூபாய்.
தெய்வாத்தாளிடம் சொல்லவில்லை.